உச்சநிலை மாநாட்டுக்கு முந்தைய பேச்சுவார்த்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025-இல் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் தலைமைப் பொறுப்பு மலேசியாவிடம் இருந்தது. அதனால் கோலாலம்பூரில் இரண்டு உச்சநிலை மாநாடுகள் நடந்தன: 46ஆவது மே 26, 27 தேதிகளில், 47ஆவது அக்டோபர் 26 முதல் 28 வரை. இந்தப் பக்கம் தமிழ் நாளேடு, வானொலிச் செய்தியாளர்களுக்கும், அனைத்துலக உறவு படிக்கும் மாணவர்களுக்கும், எல்.ஓ. எனப்படும் தொடர்பு அதிகாரியாக மாநாட்டில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கும் எழுதப்பட்டது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆசியானிலிருந்து வந்தாலும், வேலை நடக்கும் விதம் மற்ற கூட்டமைப்புகளிலும் ஏறத்தாழ இதுதான்.

இரண்டு, மூன்று நாளில் இத்தனை ஆவணங்களைத் தலைவர்கள் எப்படிப் பேசி முடிக்கிறார்கள்?

அவர்கள் முடிப்பதில்லை. வந்து இறங்கும்போது ஏறத்தாழ எல்லாமே முடிந்திருக்கும். தாலி கட்டும் நேரத்தில் யாரும் சீர்வரிசை பேசுவதில்லை. அப்படிப் பேச வேண்டி வந்தால் முன்னால் உட்கார்ந்து பேசியவர்கள் எங்கோ கோட்டை விட்டிருக்கிறார்கள் என்று பொருள். தலைவர்கள் முன் வைக்கப்படும் உரையில் தீராத இடம் ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தால் அதிகாரிகளுக்குத் தூக்கம் கெடும்.

தலைவர்களிடம் விடப்படுவது அவர்களால் மட்டுமே செய்யக்கூடியது: ஒரு நாடு விட்டுக்கொடுக்கும் கடைசி அடி, அல்லது எழுத்தில் வைக்க முடியாத மனம்திறந்த பேச்சு. பின்னதற்காகத்தான் 'ரிட்ரீட்' என்ற தனி அமர்வு இருக்கிறது. ஆளும் குறைவு, எழுதி வைத்த உரையை வாசிப்பதும் குறைவு.

ஆசியான் நாடுகளை 'நட்பணி நாடுகள்' என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். ஆசியான் இராணுவக் கூட்டணி கிடையாது. 1967 ஆகஸ்டு 8-இல் பேங்காக்கில் ஐந்து நாடுகள் தொடங்கிய அமைப்பு அது. தென்கிழக்காசியாவை அமைதி, சுதந்திரம், நடுநிலை வட்டாரமாக அறிவிக்கும் பிரகடனம் கையெழுத்தானதும் இதே கோலாலம்பூரில்தான், 1971 நவம்பர் 27-இல்.

மலேசியாவைப் பொறுத்தவரை பாதுகாப்புக் கூட்டணிக்கு அருகில் வருவது, அதே 1971-இல் பிறந்த ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு: மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. அதன் ஒருங்கிணைந்த வட்டாரத் தற்காப்புத் தலைமையகம் பட்டர்வொர்த்தில் இருக்கிறது, அதாவது பினாங்கு மாநிலத்தில். ஆனால் அதிலும் 'உடனே கலந்து பேசுவோம்' என்பதுதான் வாக்குறுதி. 'உடனே படை அனுப்புவோம்' என்று எங்கும் இல்லை.

படிப்படியாக யார் யாரைச் சந்திக்கிறார்கள்?

மேலிருந்து கீழாகப் பார்ப்பதைவிடக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் எளிதில் புரியும்.

அடித்தளத்தில் துறை அதிகாரிகள்: சுங்கம், சுகாதாரம், கடல் பாதுகாப்பு என்று தனித்தனிப் பணிக்குழுக்கள். அதற்கு மேல் மூத்த அதிகாரிகள் கூட்டம். வெளியுறவு அமைச்சுகளின் உயர் அதிகாரிகள் அமரும் இந்த மேசைக்கு எஸ்.ஓ.எம். என்று பெயர். பொருளாதாரத்துக்கு இதே போல வேறொரு மேசை உண்டு. ஜகார்த்தாவில் ஆசியான் செயலகத்தின் அருகிலேயே ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிரந்தரப் பிரதிநிதி இருக்கிறார். ஆண்டு முழுவதும் உரைகளைத் தேய்த்து மெருகேற்றும் வேலையில் கணிசமான பகுதி அங்கேதான் நடக்கிறது. அடுத்தது அமைச்சர்கள். 2025-இல் வெளியுறவு அமைச்சர்கள் ஜனவரியில் லங்காவியில் ரிட்ரீட் அமர்வுக்கும், ஜூலையில் கோலாலம்பூரில் ஆண்டுக் கூட்டத்துக்கும் கூடினார்கள். மாநாட்டுக்கு முந்தைய நாளும் ஒருமுறை அமர்ந்து, தலைவர்களிடம் போக வேண்டியதைக் கடைசியாகச் சரிபார்த்தார்கள்.

ஜி7, ஜி20 அமைப்புகளில் இந்த இடைநிலை வேலையை 'ஷெர்பா' எனப்படும் ஒரே ஆள் செய்வார். மலையேறுகிறவருக்குச் சுமை தூக்கி வழி காட்டுபவரின் பெயர். ஆசியானில் அந்தப் பெயர் வழக்கில் இல்லை.

தலைமை நாடு என்பது ஆங்கிலப் பெயரின் அகர வரிசையில் ஆண்டுதோறும் சுழலும். மலேசியாவுக்குப் பின் 2026-இல் மியன்மார் வந்திருக்க வேண்டும். 2023-லேயே தலைவர்கள் அதைப் பிலிப்பைன்ஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

வரைவு எப்படி வளர்கிறது?

முதல் வரைவைத் தலைமை நாடு எழுதும். கோலாலம்பூர் மாநாடுகளுக்கு அந்தப் பேனா விஸ்மா புத்ராவிடம், அதாவது வெளியுறவு அமைச்சிடம் இருந்தது. இதை 'சீரோ டிராஃப்ட்' என்பார்கள். யாரையும் கட்டுப்படுத்தாத வரைவு. பேனா கையில் இருப்பது பெரிய பலம், ஏனென்றால் மற்றவர்கள் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். எழுதியவர் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஒவ்வொரு நாடும் திருத்தம் அனுப்பும். ஒப்புக்கொள்ளாத சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் போகும். பக்கத்தில் அதைக் கேட்ட நாட்டின் பெயர் இருக்கும். கற்பனையான ஒரு வரியில் காட்டினால்:

'கடற்பகுதியில் அண்மைய நிகழ்வுகள் குறித்துத் தலைவர்கள் [ஆழ்ந்த] கவலை [தெரிவித்தனர்] [கொண்ட சில தலைவர்களின் கருத்தைக் குறித்துக்கொண்டனர்].'

இதில் மூன்று அடைப்புக்குறிகள் உண்டு, ஆனால் சண்டை இரண்டுதான். 'ஆழ்ந்த' என்பது அளவு பற்றியது. பேரம் பேசி அரை மணியில் தீரும். 'தெரிவித்தனர்' என்பதற்கும் 'சிலரின் கருத்தைக் குறித்துக்கொண்டனர்' என்பதற்கும் இடையில் உள்ளது கொள்கை வேறுபாடு. அது அமைச்சர் வரைக்கும் போகும். அனுபவமுள்ள அதிகாரி வரைவைக் கையில் எடுத்ததும் அடைப்புக்குறிகளை எண்ணமாட்டார், இந்த இரண்டு வகையையும் முதலில் பிரிப்பார்.

இங்கே அடிக்கடி நேரும் கோளாறு, இரண்டு பதிப்புகள் ஒரே நேரத்தில் சுற்றில் இருப்பது. ஒரு நாடு நேற்றைய பதிப்பில் திருத்தம் அனுப்பும். இன்று ஏற்கெனவே தீர்ந்துவிட்ட பத்தி மறுபடியும் திறந்துகொள்ளும். இதைத் தவிர்க்கக் கோப்பின் பெயரிலேயே தேதியும் மணியும் போடுவார்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதே தேதி, மணி இருக்க வேண்டும், ஏனெனில் அச்செடுத்த பிறகு கோப்பின் பெயர் யார் கண்ணிலும் படாது. தீர்ந்த பத்தியின் ஓரத்தில் 'ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று எழுதி மூடிவிடுவார்கள். மூடியதைத் திறக்கக் கேட்பது அநாகரிகம் என்றாலும், கேட்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

'மௌன நடைமுறை' என்றால் என்ன?

கடைசி வரைவை எல்லோருக்கும் அனுப்பி, 'இந்தத் தேதி, இந்த மணிக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்' என்று அறிவிப்பது. மௌனம் சம்மதம் என்பதைத்தான் அலுவலக நடைமுறையாக்கியிருக்கிறார்கள். ஒரு நாடு மறுத்து எழுதினால் 'மௌனம் கலைந்தது' என்பார்கள். உரை மீண்டும் மேசைக்கு வரும்.

இதில் நேரம் எழுதுவதில் தவறு நடக்கும். 'மாலை 5 மணி' என்று மட்டும் போட்டால் யாருடைய 5 மணி? கோலாலம்பூரில் மாலை 5 என்றால் ஜகார்த்தாவிலும் பேங்காக்கிலும் 4, யங்கூனில் 3.30, திமோர் லெஸ்தேயின் டிலியில் 6. ஆகவே 'கோலாலம்பூர் நேரம்' என்று எழுதியே ஆக வேண்டும். கிழமையும் பார்க்க வேண்டும். புருணையில் அரசாங்க அலுவலகங்களுக்கு வெள்ளியும் ஞாயிறும் விடுமுறை. வெள்ளிக்கிழமை முடியும் கெடு அங்கே யாருடைய மேசையிலும் விழாது. திங்களன்று 'நாங்கள் பார்க்கவே இல்லை' என்று கடிதம் வரும். குறுகிய கெடு வைத்து எதிர்ப்பைத் தவிர்க்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அது எதிர்மாறாகவே முடியும்: அவசரப்படுத்தப்பட்டவர் படிக்காமலேயே மௌனத்தைக் கலைத்துவிடுவார்.

ஒருமித்த முடிவு என்றால் எல்லோரும் கை தூக்க வேண்டுமா?

வேண்டாம். யாரும் எதிர்த்து நிற்காமல் இருந்தால் போதும். மலாயில் 'முஷாவரா', 'முஅஃபாகாட்' என்ற இரண்டு சொற்களை நாம் எல்லோரும் பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம்: கலந்து பேசுதல், உடன்பாடு காணுதல். 2008 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்த ஆசியான் சாசனத்தின் 20ஆவது விதி அடிப்படையில் அதையே சொல்கிறது. ஒருமித்த முடிவு கிட்டாவிட்டால் எப்படி முடிவெடுப்பது என்பதை உச்சநிலை மாநாடே தீர்மானிக்கலாம் என்றும் அதே விதி கூறுகிறது. ஆனால் அப்படித் தீர்மானிப்பதற்கும் ஒருமித்த கருத்து தேவைப்படும் என்பதால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. பொருளாதாரக் கடப்பாடுகளில் மட்டும் சில நாடுகள் முதலில் போக, மற்றவை பின்னால் சேர வழி இருக்கிறது.

ஒருமித்த கருத்து என்ற விதியைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்திய ஓர் எடுத்துக்காட்டு 2021 அக்டோபர். ஆட்சியைக் கைப்பற்றிய மியன்மார் இராணுவத் தலைவரை உச்சநிலை மாநாட்டுக்கு அழைக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அவரைத் 'தடுக்க' ஒருமித்த முடிவு கிடைக்காது, ஏனென்றால் மியன்மாரே எதிர்க்கும். அந்த ஆண்டின் தலைமை நாடான புருணை கேள்வியைத் திருப்பிப் போட்டது: அரசியல் பிரதிநிதி ஒருவர் 'கலந்துகொள்ள' ஒருமித்த கருத்து ஏற்படவில்லை, எனவே அரசியல் சாராத பிரதிநிதி வரலாம் என்று அறிக்கை வெளியிட்டது. மியன்மாரின் மறுப்பும் அதே அறிக்கையில் குறிக்கப்பட்டது. விதி மாறவில்லை, சுமை தோள் மாறிவிட்டது.

உரை முடங்கி, அறிக்கையே வராமல் போனதுண்டா?

உண்டு, மூன்று நிகழ்ச்சிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றிலும், சீனாவும் சில ஆசியான் நாடுகளும் உரிமை கோரும் தென்சீனக் கடல்தான் முள்.

2012 ஜூலை, புனோம் பென். வெளியுறவு அமைச்சர்களின் கூட்டறிக்கை 45 ஆண்டுகளில் முதன்முறையாக வெளிவரவில்லை. ஸ்கார்பரோ திட்டைக் குறிப்பிட வேண்டும் என்று பிலிப்பைன்ஸ் கேட்டது, தன் பொருளாதார மண்டலத்தைக் குறிப்பிட வேண்டும் என்று வியட்நாம் கேட்டது. அவை இருநாட்டுச் சச்சரவுகள் என்று தலைமை நாடான கம்போடியா மறுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட பத்திகள் கொண்ட வரைவு ஒரு பிரச்சினைக்காக மொத்தமாகக் கைவிடப்பட்டது. சுகாதாரம், கல்வி, பேரிடர் பற்றி முடிந்திருந்த எல்லாமும் அதோடு போயிற்று. இந்தோனேசியாவின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் மார்ட்டி நத்தலேகாவா தலைநகரம் தலைநகரமாகப் பறந்து, ஜூலை 20-இல் ஆறு அம்சக் கோட்பாடு ஒன்றை வெளிக்கொண்டு வந்தார். அது காயத்துக்குக் கட்டு, கூட்டறிக்கைக்கு ஈடில்லை.

2015 நவம்பர், கோலாலம்பூர். ஆசியானின் 10 நாடுகளோடு 8 பங்காளி நாடுகளும் சேர்ந்த தற்காப்பு அமைச்சர்கள் கூட்டம் அது. தென்சீனக் கடலைக் கூட்டுப் பிரகடனத்தில் குறிப்பிட வேண்டும் என்றது அமெரிக்கா, கூடாது என்றது சீனா. பிரகடனம் கைவிடப்பட்டது. தலைமை நாட்டின் அறிக்கை மட்டும் வந்தது.

2016 ஜூன், சீனாவின் குன்மிங். ஆசியான், சீன வெளியுறவு அமைச்சர்களின் சிறப்புக் கூட்டம். வலுவான சொற்கள் கொண்ட ஓர் அறிக்கையை மலேசிய வெளியுறவு அமைச்சு செய்தியாளர்களுக்கு வெளியிட்டது. சில மணி நேரத்தில் அவசரத் திருத்தம் என்று சொல்லித் திரும்பப் பெற்றது. திருத்தப்பட்ட கூட்டறிக்கை கடைசிவரை வரவில்லை. செய்தியாளர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு: கையில் கிடைத்த உரையில் 'இறுதி' என்று இருக்கிறதா, எல்லா நாடுகளும் வெளியிட்டுள்ளனவா என்று பார்க்கும்வரை 'ஆசியான் அறிவித்தது' என்று தலைப்புப் போடாதீர்கள்.

மூன்று தோல்விக்கும் பொதுவான காரணம் கருத்து வேறுபாடு மட்டும் இல்லை. அந்த வேறுபாடு பல மாதங்களுக்கு முன்பே தெரிந்ததுதான். கடினமான பத்தியைக் கடைசி நாளுக்குத் தள்ளியதும், அது உடைந்தால் மற்ற பத்திகளைக் காப்பாற்ற மாற்று வழி இல்லாததும் சேர்ந்துதான் கவிழ்த்தன.

முட்டுக்கட்டை விழுந்தால் என்னென்ன வழி இருக்கிறது?

முதல் வழி, பழைய சொல். ஏற்கெனவே தலைவர்கள் ஒப்புக்கொண்ட ஓர் ஆவணத்திலிருந்து அதே வரியை எடுத்துப் போடுவது. சென்ற ஆண்டு தன் தலைவர் சம்மதித்த வரியை இந்த ஆண்டு எதிர்ப்பது எந்த அதிகாரிக்கும் சங்கடம். அதனாலேயே வெளியாருக்கு இந்த அறிக்கைகள் சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி தெரிகின்றன.

இரண்டாவது, 'சில'. 'தலைவர்கள் கவலை தெரிவித்தனர்' என்பது முடியாவிட்டால் 'சில தலைவர்கள் தெரிவித்த கவலையைக் குறித்துக்கொண்டோம்'. யார் அந்தச் சிலர் என்று எழுதப்படாது, எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது, இடமாற்றம். 2016 ஜூலை 12-இல், பிலிப்பைன்ஸ் சீனாமீது தொடுத்த தென்சீனக் கடல் வழக்கில் நடுவர் மன்றத் தீர்ப்பு வந்தது. அதே மாதம் லாவோஸின் வியந்தியானில் ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் வெளியிட்ட கூட்டறிக்கையில் தீர்ப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் 'சட்ட, அரசதந்திர நடைமுறைகளுக்கு முழு மதிப்பு' என்ற தொடர், தென்சீனக் கடல் பகுதியில் இல்லாமல், அறிக்கையின் தொடக்கத்தில் பொதுக் கோட்பாடாக அமர்ந்திருந்தது. கேட்டவருக்குச் சொல் கிடைத்தது, மறுத்தவருக்கு இடம் கிடைத்தது.

நான்காவது, ஆவணத்தின் தரத்தைக் குறைப்பது: கூட்டுப் பிரகடனம் முடியாவிட்டால் தலைமை நாட்டின் அறிக்கை. ஐந்தாவது, முரண்படும் இரண்டு, மூன்று நாடுகளை மட்டும் ஒரு சிறு அறையில் உட்கார வைப்பது. மற்றவர்கள் அதற்குள் வேறு பத்திகளை முடிக்கலாம். பெயரும் முத்திரையும் தேதியும் இல்லாத ஒரு தாளை நீட்டுவதும் உண்டு, 'நான்-பேப்பர்' என்பார்கள். எடுபட்டால் அது முன்மொழிவு, எடுபடாவிட்டால் அப்படி ஒரு தாளே இருந்ததில்லை.

அறிக்கை, கூட்டறிக்கை, பிரகடனம், உடன்பாடு: என்ன வேறுபாடு?

தலைமை நாட்டின் அறிக்கைக்குப் பொறுப்பு அந்த ஒரு நாடு. மற்றவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கினாலும் கையெழுத்து கிடையாது. கூட்டறிக்கை எல்லோருடைய வாயிலிருந்தும் வருவது, எனவே ஒரு நாடு மறுத்தால் விழும். பிரகடனம் அரசியல் வாக்குறுதி. கையெழுத்தாகி, அந்தந்த நாட்டு நடைமுறைப்படி உறுதிசெய்யப்பட்டு நடப்புக்கு வரும் உடன்பாடுதான் சட்டப்படி கட்டுப்படுத்தும். 2025 அக்டோபர் 28-இல் கோலாலம்பூரில் கையெழுத்தான ஆசியான்–சீனத் தடையற்ற வாணிப உடன்பாட்டின் மேம்பாட்டு நெறிமுறை இந்தக் கடைசி வகை.

பெயருக்கே பேரம் நடக்கும். 2025 ஜூலை 28-இல் புத்ராஜெயாவில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் முன்னிலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் போர்நிறுத்தத்துக்கு இணங்கின. அக்டோபர் 26-இல் அமெரிக்க அதிபர் டிரம்பும் உடனிருக்க, இரு நாட்டுப் பிரதமர்களும் கோலாலம்பூரில் ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டனர். வாஷிங்டன் அதை 'அமைதி உடன்படிக்கை' என்றது. தாய்லாந்துத் தரப்பு 'கூட்டுப் பிரகடனம்' என்றே பேசியது. நவம்பரில் கண்ணிவெடியில் தாய்லாந்து வீரர்கள் காயமடைந்ததும் அந்நாடு அதன் அமலாக்கத்தை நிறுத்தி வைத்தது. செய்தியில் ஆவணத்தின் மேல் அச்சிடப்பட்ட தலைப்பை எழுதுங்கள். மேடையில் சொன்ன பெயரை மேற்கோளாக மட்டும் கொடுங்கள்.

அறிக்கையின் வினைச்சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது?

தமிழ்ச் செய்திகளில் மிகுதியான பிழை இங்கேதான். ஆசியானின் அலுவல் மொழி ஆங்கிலம். அதில் ஒவ்வொரு வினைக்கும் ஒரு படி உண்டு. நாம் எல்லாவற்றையும் 'ஏற்றுக்கொண்டனர்' என்றோ 'வலியுறுத்தினர்' என்றோ எழுதிவிடுகிறோம்.

உச்சியில் 'அடாப்ட்': ஏற்று நிறைவேற்றினர், ஆவணம் இனி அவர்களுடையது. அதற்குக் கீழ் 'எண்டோர்ஸ்': கீழ்நிலையில் முடித்ததற்கு ஒப்புதல் அளித்தனர். பிறகு 'வெல்கம்', வரவேற்றனர்: நல்லதென்று கருதுகிறார்கள், பொறுப்பேற்கவில்லை. அதற்கும் கீழே 'நோட்', குறித்துக்கொண்டனர். இது பாராட்டும் இல்லை, கண்டனமும் இல்லை. ஒரு நாட்டின் முன்மொழிவை மற்றவர்கள் 'குறித்துக்கொண்டனர்' என்றால் பெரும்பாலும் அது தூங்கப் போகிறது. அதைத் 'தலைவர்கள் ஆதரவு' என்று தலைப்பிட்டால் செய்தி தலைகீழாகிவிடும். நம் ஊரில் மனுக் கொடுக்கப் போனவரிடம் 'பார்க்கலாம்' என்று சொல்வதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

எதிர்மறைப் பக்கத்தில் கவலை, ஆழ்ந்த கவலை, கண்டனம் என்று ஏறும். கண்டனம் அரிதாகவே வரும். வந்தால் அதுவே செய்தி.

'ஷல்' என்பதும் 'வில்' என்பதும் தமிழில் ஒன்றாகக் கலந்துபோகும். முன்னது உடன்பாட்டில் கடப்பாடு: 'செய்தாக வேண்டும்'. பின்னது புரிந்துணர்வுக் குறிப்பில் எண்ணம்: 'செய்யும்'. 'ஷுட்' வந்தால் அது அறிவுரை அளவில்தான்: 'செய்வது தகும்'. மொழிபெயர்ப்பவர் இந்த மூன்றுக்கும் மூன்று வடிவத்தை முதலிலேயே முடிவு செய்துகொண்டு கட்டுரை முழுக்க மாறாமல் வைக்க வேண்டும்.

முப்பது நிமிட இருதரப்புச் சந்திப்பில் என்னதான் பேச முடியும்?

கணக்கைப் பாருங்கள். உள்ளே வந்து, கை குலுக்கி, படக்காரர்கள் வெளியேற 5 நிமிடம். மீதி 25. ஒருவர் பேசி நிறுத்த, மொழிபெயர்ப்பாளர் சொல்லும் முறையென்றால் அதில் பாதி மொழிபெயர்ப்புக்கே போகும். பன்னிரண்டை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 6 நிமிடம். இரண்டு பொருள் பேசலாம், மூன்றாவது தொட்டுவிட்டுப் போகலாம். இது தெரிந்தும் பத்துப் பொருளுக்குப் பேசுகுறிப்பு தயாரிக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள்; தலைவர் அதை மேலிருந்து வாசிக்கத் தொடங்கி மூன்றாவதில் நேரம் முடிந்துவிடும், முக்கியமானது ஏழாவதாக இருக்கும்.

நல்ல கோப்பு ஒரு பக்கச் சுருக்கத்தில் தொடங்கும்: இந்தச் சந்திப்பில் நமக்கு வேண்டியது என்ன, அவர்களுக்கு வேண்டியது என்ன. அடுத்து முக்கியத்துவ வரிசையில் பேசுகுறிப்பு. தனித்தாளில் 'அவர்கள் எழுப்பினால் மட்டும்' என்ற பகுதி. இந்தத் தாளை மற்றதோடு கலந்து வைத்தால், எழுப்பக்கூடாததை நம் தலைவரே எழுப்பிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே வேறு நிறத் தாள் போடுவது நல்லது.

இரு தலைவர்கள் மட்டும் அமர்வதை மலாயில் 'எம்பாட் மாத்தா', நான்கு கண் சந்திப்பு என்பார்கள். நடைபாதையில் நின்றபடி ஐந்து நிமிடம் பேசுவதும் ஒரு வகை. அதில் குறிப்பெடுப்பவர் இல்லாவிட்டால், அன்று மாலைக்குள் தலைவரிடமே கேட்டு எழுதி வைக்க வேண்டும். இல்லையேல் 'அன்று நீங்கள் ஒப்புக்கொண்டீர்களே' என்று மறுதரப்பு சொல்லும்போது பதில் இருக்காது.

இதில் இந்தியா எங்கே நிற்கிறது?

உறுப்பு நாடாக அல்ல, பேச்சுவார்த்தைப் பங்காளியாக. 1992-இல் துறைசார்ந்த பங்காளி, 1995-இல் முழுப் பங்காளி, 2002 முதல் தலைவர்கள் அளவிலான சந்திப்பு, 2022-இல் விரிவான வியூகப் பங்காளித்துவம். 2025 அக்டோபர் 26 சந்திப்பில் பிரதமர் மோடி காணொளி வழியாகக் கலந்துகொண்டார். 2025-இல் மேசையில் இருந்த கடினமான பொருள், 2010-இல் நடப்புக்கு வந்த சரக்கு வாணிப உடன்பாட்டின் மறுஆய்வு.

கொடிகளும் இருக்கைகளும் எந்த வரிசையில்?

ஆங்கிலப் பெயரின் அகர வரிசை. தமிழ் அகர வரிசையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2025 அக்டோபர் 26-இல் திமோர் லெஸ்தே 11ஆவது உறுப்பு நாடானதால் அது தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவில் வருகிறது; பழைய பத்து நாட்டுப் பட்டியலை நகலெடுத்தால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். தலைவர்களின் பெயரையும் அன்றைய பட்டியலில் பாருங்கள். அந்த அக்டோபர் மாநாட்டின் நேரலையிலேயே பதவி விலகிவிட்ட தலைவர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

மாநாட்டு மையம் இருக்கும் கே.எல்.சி.சி. பக்கம் சாலைகளை ஏன் அடிக்கடி மூடுகிறார்கள்?

ஒவ்வொரு தலைவருக்கும் தனி வாகன அணி. விமான நிலையம், தங்குவிடுதி, மாநாட்டு மையம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி நேரம். ஒரு சந்திப்பு 15 நிமிடம் நீண்டால் பின்னால் உள்ள எல்லா அணிகளின் நேரமும் நகரும், சாலை மூடும் நேரமும் சேர்ந்து நகரும். போலீஸ் அறிவித்த நேரத்துக்கு முன்னும் பின்னும் இடம் விட்டுக் கிளம்புங்கள், முடிந்தால் எல்.ஆர்.டி. ரயிலில்.

தொடர்பு அதிகாரியாகப் போகிறேன். எங்கே சறுக்கும்?

அனுமதி அட்டையில். உங்கள் அட்டை எந்தெந்தக் கதவுவரை செல்லும் என்பதை முதல் நாளே நடந்து பார்த்துவிடுங்கள். தலைவரை வாசல்வரை அழைத்துப் போய், அங்கே நீங்கள் நிறுத்தப்பட்டால் அடுத்த அறைக்கு வழிகாட்ட ஆள் இருக்காது. வாகன அணியில் உங்கள் வண்டியின் எண்ணும் ஓட்டுநரின் கைப்பேசி எண்ணும் தாளில் எழுதி வைத்திருங்கள். தலைவர்கள் இருக்கும் வட்டாரத்தில் கைப்பேசி எல்லா நேரமும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. உணவு விலக்கு, தொழுகை நேரம், படி ஏற முடியாதவர் யார் என்பவற்றைத் தூதரகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

பேராளர் குழுவின் கோப்பை நீங்கள் சுமக்கவே வேண்டாம். 'கொஞ்சம் பிடிங்க' என்றாலும் பணிவாக மறுத்துவிடுங்கள். காணாமல் போனால் பழி உங்கள் மேல்தான்.

அறிக்கை வெளியானதும் முதலில் எதைப் பார்ப்பது?

சென்ற மாநாட்டின் அறிக்கையைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். தலைப்பு எந்த வகை என்று பாருங்கள். பிறகு மியன்மார், தென்சீனக் கடல் பத்திகளுக்கு நேராகப் போங்கள். 'சில' என்ற சொல் புதிதாக நுழைந்திருக்கிறதா, இருந்தது காணாமல் போயிருக்கிறதா என்று தேடுங்கள். சென்ற முறை 'வரவேற்றது' இந்த முறை 'குறித்துக்கொண்டது' ஆகியிருந்தால் அதைக் கோடிடுங்கள். ஒரு பத்தி மொத்தமாக விடுபட்டிருந்தால், அதை முன்பு கேட்டு வாங்கிய நாட்டின் வெளியுறவு அமைச்சுத் தளத்தில் இன்று அந்நாடு தனியாக ஏதும் வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். உரையில் இடம் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் அன்றிரவே தங்கள் பெயரில் ஓர் அறிக்கை விடுவார்கள்.